பதினொன்றரை மணிச் சீட்டு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம், அப்பாவும்தான். அவரைப் பற்றிக் கீழே எழுதியிருப்பதைப் பதறாமல் படி, ஆபத்து தாண்டியாகிவிட்டது. போனில் சொன்னால் கேட்ட கையோடு விமானம் ஏறிவிடுவாய் என்று அவர்தான் தடுத்தார். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா?

நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் யாரும் வரிசையில் நிற்பதில்லை, நேரம் போட்டுச் சீட்டுக் கொடுத்துவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அதை எங்கள் பெரிய டாக்டரிடம் சொன்னேன். மனிதர் துள்ளிக் குதித்து ஒரே வாரத்தில் இங்கேயும் கொண்டுவந்துவிட்டார், பதிவு மேசையில் இருக்கும் நானே பொறுப்பு. முதல் நாளே சீட்டு வாங்க விடியுமுன் வரிசை நின்றது. வரிசை வேண்டாம்னுதானே சீட்டு, இப்ப சீட்டுக்கே வரிசையாம்மா என்று கம்பவுண்டர் கேட்டு என் மானத்தை வாங்கினார். நான் விடுவேனா, சீட்டைப் போனிலேயே பதிந்துகொள்ளலாம் என்று மாற்றினேன். சீட்டு நேரத்துக்கு முன்னதாக வந்து யார் கெஞ்சினாலும் பெஞ்சில் உட்காருங்கள் என்று சொல்லிவிடுவேன். கூடத்தில் இரைச்சல் அடங்கியது, பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அப்பாவுக்குக் கால் வீக்கத்துக்காகப் பதினொன்றரைக்குச் சீட்டு. ஒன்பது மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். பொழுது போகாமல் வந்திருப்பார் என்று நினைத்து நான் தலையைக்கூட ஆட்டவில்லை, வேலை செய்யும் இடத்தில் சொந்தம் கொண்டாடக் கூடாது பார். பத்தேகாலுக்கு அந்தப் பக்கம் போன நர்ஸ், அவர் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருப்பதைப் பார்த்துக் கத்தினாள். மாரடைப்பு. வலி வந்துதான் ஒன்பது மணிக்கே ஓடி வந்திருக்கிறார். ஏன் வாயைத் திறக்கவில்லை என்று பிறகு கேட்டு அழுதேன். நீ போட்ட சட்டத்தை நானே மீறினா அப்புறம் யாரு உன்னை மதிப்பாங்க என்றார். இப்போது வாசல்வரை நடக்கிறார், உப்புக் குறைவு என்று சண்டையும் போடுகிறார்.

உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்திலேயே எழுதியிருக்கிறாய், காத்திருப்பவர்களிடம் ஒரு நர்ஸ் அரைமணிக்கு ஒரு தடவை போய் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பாள் என்று. அதை அப்போதே படித்தேன், அதற்கு இங்கே ஏது ஆள் என்று டாக்டரிடம் சொல்லாமலே விட்டுவிட்டேன். இப்போது நானே எழுந்து பெஞ்சு பெஞ்சாகப் போய்க் கேட்கிறேன். மேசையில் வேலை தேங்குகிறது, தேங்கட்டும்.

அடுத்த வாரம் மேலிடத்து அதிகாரிகள் எங்கள் சீட்டு முறையைப் பார்க்க வருகிறார்கள், மற்ற ஆஸ்பத்திரிகளிலும் கொண்டுவரப் போகிறார்களாம். நல்லதை மட்டும் சொல்லுங்கம்மா என்கிறார் பெரிய டாக்டர். அப்பா கதையைத்தான் முதலில் சொல்லப்போகிறேன், டாக்டர் முகம் எப்படிப் போனாலும் சரி. அங்கே இந்த முறை வந்த புதிதில் என்னென்ன தப்பு நடந்தது, எப்படிச் சரிசெய்தார்கள் என்று பழைய ஆட்களிடம் கேட்டு உடனே எழுது.

நோய்நொடி இல்லாமல் நீ நூறு வயது இருக்க வேண்டும். உடம்புக்கு ஏதாவது என்றால் யார் போட்ட சட்டமாக இருந்தாலும் பார்க்காதே, வாய்விட்டுச் சொல். அப்பா மாதிரி உட்கார்ந்திருக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா