அனுபவத்தின் மேல் ஒரு சிவப்புக் கோடு

அன்புத் தோழி,

ஐப்பசி மழை அலமாரிக்குள் ஒழுகி உன் பழைய சிவப்பு மசிப்புட்டியைக் கரைத்துவிட்டது. காய்ந்து கல்லாகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். என் புடவை இரண்டு பாழ். போய்ச் சேர்ந்த பிறகும் உன்னால் எனக்கு வேலைதான். உன்னைத் திட்டிக்கொண்டே துடைக்கும்போது பக்கத்து வீட்டுச் சிறுமி நோட்டோடு வந்து நின்றாள். இருபது புதுச் சொற்களைப் பொருளோடு பத்துப் பத்து முறை எழுத வேண்டுமாம். அந்தக் காலத்தில் நான் கொடுத்த அதே வீட்டுப்பாடம்.

வலங்கைமான் பக்கத்துப் பள்ளியில் உன் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் நடுவில் ஒரு மூங்கில் தட்டிதான். நீ ஒரு சொல்லைப் பலகையில் எழுதுவாய். பொருள் சொல்ல மாட்டாய். "இத வீட்டுல யாராவது சொல்றாங்களான்னு கேட்டுக்கிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவாய். மறுநாள் ஆளுக்கொரு கதையோடு வருவார்கள், வகுப்பே சந்தைக்கடையாகிவிடும். இப்படிப் போனால் பாடத்தை எப்போது முடிப்பது என்று கத்துவேன். "அவங்க வாயிலேந்து வரட்டும்டி" என்பாய். எனக்கு எரிச்சலாக வரும்.

ஒருமுறை நீ காய்ச்சலில் படுத்தாய். உன் ஐந்தாம் வகுப்பும் என் தலையில் விழுந்தது. 'அனுபவம்' என்ற சொல்லை வாக்கியத்தில் அமைக்கச் சொன்னேன். குத்தகைக்காரர் மகள் ஒருத்தி, "எங்கள் அப்பா அனுபவம் நாலு மா" என்று எழுதியிருந்தாள். உன் மசிப்புட்டியைத் திறந்து சிவப்பில் அடித்தேன். "அனுபவம்னா பட்டறிவு. நிலம் இல்ல" என்று வகுப்பே சிரிக்கும்படி சொன்னேன். பத்து முறை எழுதவும் வைத்தேன். நானும் இந்த ஊர்க்காரிதானே? உழுபவர் கையிலிருக்கும் நிலத்தை அனுபவம் என்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். புத்தகத்தில் அப்படி இல்லையே என்ற திமிர்.

குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிவு செய்யச் சர்க்கார் சட்டம் போட்டிருந்த சமயம் அது. நிலக்காரரின் காரியஸ்தர், பதிவுக்குத்தான் என்று சொல்லி அவள் வீட்டுக்கு ஒரு காகிதம் கொண்டுவந்தார். "மேற்படி நிலத்தில் எனக்கு எவ்வித அனுபவமும் கிடையாது" என்று அதில் எழுதியிருந்தது. படிக்கத் தெரியாத அப்பா மகளிடம் நீட்டினார். அப்படியே வாசித்திருந்தால் அவர் உஷாராகியிருப்பார். அவளோ நான் பழக்கியபடி பொருள் சொன்னாள்.

"ஒங்களுக்குப் பட்டறிவு கிடையாதுன்னு போட்டிருக்குப்பா. விவசாயம் பண்ணித் தெரியாதாம்."

அவர் சிரித்தாராம். "பொறந்ததுலேந்து சேத்துல நிக்கிறேன், எனக்கா தெரியாது? எழுதுனா எழுதிட்டுப் போறாங்க" என்று கைநாட்டு வைத்துவிட்டார்.

அந்தக் கைநாட்டோடு நாலு மா நிலமும் போயிற்று. நீ தேறி வந்த அன்று அவள் நம் இருவர் முன்னாலும் நின்றாள். "டீச்சர், அனுபவம்னுதான் என் வாயில வந்துச்சு. இவங்க தப்புன்னு அடிச்சிட்டாங்களேன்னு மாத்திச் சொல்லிட்டேன்" என்று உன்னிடம் சொன்னாள். அதன் பிறகு அவள் பள்ளிக்கு வரவில்லை, நடவுக்குப் போய்விட்டாள்.

நீ அவள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீசுக்கு அலைந்தாய். மனு மேல் மனு எழுதினாய். ஒன்றும் நடக்கவில்லை. என்னை மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மசிப்புட்டியை என் மேசையில் வைத்து, "எனக்கு இனிமே இது வேணாம், நீயே வச்சுக்க" என்றாய். அவ்வளவுதான். அப்புறம் எத்தனை வருஷம் ஒரே பஸ்ஸில் கும்பகோணம் போய் வந்தோம்! ஒரு நாளாவது திட்டித் தொலைத்திருக்கலாமே? நானும் பதிலுக்குக் கத்தி, அழுது, ஆறியிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டுப் போய்விட்டாய்.

பக்கத்து வீட்டுச் சிறுமியின் நோட்டை மூடினேன். "இதுல மொதச் சொல்ல வீட்டுல யாராவது சொல்றாங்களான்னு கேட்டுக்கிட்டு வா" என்றேன்.

"தப்பா இருந்தா அடிச்சிடுவீங்களா?" என்றாள். அவள் பார்வை என் கையில் இருந்தது. விரலெல்லாம் உன் சிவப்பு மசி.

"அடிக்க மாட்டேன்" என்றேன்.

சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டேன், இன்னும் போகவில்லை.