நோட்டின் வலப்பக்கம்

ஜெலாப்பாங், ஈப்போ
12 பிப்ரவரி 2024

அன்புள்ள கமருதீன் அண்ணே,

இந்த உறையைப் பிரிக்கும்போது நம் பாடகி ஐரீன் காஸ்வெல்லின் ஜன்னல் பாட்டை நீங்கள் கேட்டு, உங்கள் குறிப்பையும் எழுதி முடித்திருப்பீர்கள். பன்னிரண்டு வருடமாக நம் ஒப்பந்தம் அதுதானே. முதலில் இசைத்தட்டைக் கேட்க வேண்டும், உடனே எழுத வேண்டும், மற்றவர் கடிதம் அதற்குப் பிறகுதான். "வாட்ஸ்அப்ல அனுப்பலாம்லா, எதுக்குக்கா தபாலு?" என்று என்னைக் கேட்காத ஆள் இல்லை. வாட்ஸ்அப்பில் வந்தால் கண் தானாகப் படித்துவிடும். ஒட்டிய உறைக்குள் இருந்தால்தான் காது தன் வேலையைச் செய்யும்.

அதே பாட்டை ஜப்பானில் பதித்த தட்டு இது, ஜப்பான் அச்சு. என்னத்தைச் சொல்வேன் அண்ணே. லண்டன் அச்சில் ஐரீன் பெரிய மண்டபத்தில் நின்று பாடுகிறாள். இதில் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பாடுகிறாள். மூன்றாவது அடி தொடங்கும் முன்னே ஒரு மூச்சு எடுக்கிறாள் பாருங்கள், லண்டன் அச்சில் அது டிரம் சத்தத்துக்குள் அமுங்கிப் போயிருந்தது. இத்தனை வருடம் அவள் மூச்சே எடுக்காமல் பாடுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அறுபது வருடத்துக்கு முன்னே ஒருத்தி எடுத்த மூச்சைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

பெரிய செய்தியைக் கடைசிக்கு வைத்திருந்தேன். இங்கிலாந்தில் இருக்கும் ஐரீன் ரசிகர் சங்கத்தார் நம் நோட்டை அச்சடிக்கப் போகிறார்களாம். நூற்று நாற்பத்திரண்டு தட்டுகள். இடப்பக்கம் என் குறிப்பு, வலப்பக்கம் உங்கள் குறிப்பு, அப்படியே போடுகிறார்கள். தனி ஆளாக ஒப்பிட்டு எழுதுகிறவர்கள் நிறைய உண்டாம். இரண்டு பேர் இரண்டு ஊரில் இருந்து, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் கேட்டு எழுதியது எங்கேயும் இல்லையாம். ஆஸ்பத்திரி லேபில் முப்பது வருடம் இரத்தம் பார்த்தவள் நான். இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து ஒன்றே சொன்னால்தான் அது முடிவு என்று அங்கே படித்தேன். அந்தப் படிப்பு ஐரீனுக்கு உதவியிருக்கிறது. ஜூனுக்குள் எல்லாவற்றையும் அனுப்ப வேண்டும்.

நாளை மறுநாள் திருநீற்றுப் புதன், தவக்காலம் தொடங்குகிறது. வழக்கம்போல நாற்பது நாளும் ஐரீனை விட்டுவிடுகிறேன். இறைச்சியை விடுவது எனக்கு ஒன்றுமே இல்லை, இவளை விடுவதுதான் பாடு. பிளேயர் மூடியை இறக்கிவிட்டால் ஈஸ்டர் வரை தொடமாட்டேன். அதனால்தான் இதை அவசரமாகக் கேட்டு, அவசரமாகக் கட்டி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் தங்கை பமேலா


தெலுக் இந்தான்
4 மார்ச் 2024

அன்புத் தங்கை பமேலாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபிக்க வேண்டாம். நோன்பு வருகிறது என்று மகள் முஹ்ஸினா நம் சாப்பாட்டுக் கடைக்குப் பெயின்ட் அடிக்கிறாள். மேசை நாற்காலி எல்லாம் கடைமுன் ஐந்தடி நடையில் கிடக்கின்றன. கையெழுத்துக் கோணலாக இருந்தால் வயதின் மேல் பழியைப் போடுங்கள்.

ஜப்பான் அச்சை நான்கு தடவை கேட்டேன். குறிப்பை எழுதி முடித்த பிறகுதான் உங்கள் உறையைப் பிரித்தேன். பிரித்தால், நான் முதல் வரியில் எழுதிய அதே மூச்சு. மூன்றாவது அடிக்கு முன்னே அவள் மூச்சு எடுக்கும் இடத்தில், கதவைத் திறந்து உள்ளே வருவதா வேண்டாமா என்று ஒரு பெண் நிற்கிற மாதிரி இருக்கிறது. லண்டன் அச்சில் அவள் நம்மைப் பார்த்துப் பாடவில்லை, இதில் பார்க்கிறாள். முஹ்ஸினா இரண்டு குறிப்பையும் பார்த்துவிட்டு, "அத்தா, ரெண்டு பேரும் பேசி வச்சு எழுதின மாதிரியே இருக்கு" என்று சிரிக்கிறாள்.

சங்கத்துச் செய்தியைப் படித்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம் முஹ்ஸினா. எல்லாப் பெருமையும் உங்களுக்கு. நான் பக்கத்தில் நின்றவன்.

வலப்பக்கக் குறிப்பை இத்துடன் வைத்திருக்கிறேன். ஐரீன் இல்லாமல் நாற்பது நாளைத் தள்ளுவதற்கு என் வாழ்த்துகள்.

அன்புடன்,
அண்ணன் கமருதீன்


ஜெலாப்பாங்
1 ஏப்ரல் 2024

கமருதீன் அண்ணே,

நேற்று ஈஸ்டர். பூசை முடிந்து வந்து, காப்பிகூடக் குடிக்காமல் பிளேயர் மூடியைத் திறந்தேன். உள்ளே ஜப்பான் அச்சு இருந்தது. நாற்பது நாளும் அங்கேயேதான் இருந்திருக்கிறது.

அப்படியானால் உங்களுக்கு எதை அனுப்பினேன் என்று வீடு முழுக்கத் தேடினேன். எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழு எழுபதுகளில் போட்ட கிறிஸ்மஸ் பாட்டுத் தட்டைக் காணவில்லை. கோயில் பிள்ளைகள் நகல் எடுத்துத் தரச் சொன்னதால் மேசையில் உறை இல்லாமல் வைத்திருந்தேன். அவசரத்தில் அதைத்தான் ஐரீனின் உறைக்குள் போட்டிருக்கிறேன். தவறு என்னுடையது. ஆனால் நான்கு தடவை கேட்டேன் என்று எழுதியது நீங்கள்.

முப்பது பேர் சேர்ந்து தமிழில் பாடுகிற கிறிஸ்மஸ் பாட்டில் ஐரீன் எங்கே அண்ணே மூச்சு எடுத்தாள்? கதவுக்கு முன்னால் எந்தப் பெண் நின்றாள்?

முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் உங்கள் பழைய குறிப்புகளை எல்லாம் எடுத்து வைத்துப் படித்தேன். ஒவ்வொன்றிலும் நான் சொன்னதையே நீங்களும் சொல்லியிருக்கிறீர்கள். என்னைவிட அழகாகச் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டு பேர் காதும் ஒன்று என்று இத்தனை வருடம் சந்தோஷப்பட்டவள் நான். நூற்று நாற்பத்திரண்டில் எத்தனை தட்டை நீங்கள் கேட்டீர்கள்? அதைத் தெரிந்துகொள்ளாமல் நோட்டை நான் எப்படி அனுப்புவேன்?

போன் செய்ய வேண்டாம். அழுதுவிடுவேன். எழுதுங்கள்.

பமேலா


தெலுக் இந்தான்
6 ஏப்ரல் 2024

தங்கை பமேலாவுக்கு,

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். முஹ்ஸினாதான், "அத்தா, இப்பவாவது உண்மையச் சொல்லிருங்க, பாவம் அவங்க" என்று பேனாவைக் கையில் கொடுத்தாள்.

பார்சல் வந்தபோது நான் வீட்டில் இல்லை. நெஞ்சு வலித்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். இரத்தக் குழாயில் ஒரு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள், இப்போது நன்றாக இருக்கிறேன். முஹ்ஸினா பார்சலில் இருந்த உங்கள் கடிதத்தை மட்டும் எடுத்து வந்து தந்தாள். தட்டு வீட்டிலேயே கிடந்தது. அந்தப் பதிலை வார்டில் இருந்து எழுதினேன். கடைக்குப் பெயின்ட் அடித்தது மட்டும் உண்மை.

அந்த ஒரு தடவை மட்டும்தான் என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். ஆனால் அது மறுபடியும் பொய். ஈப்போ ஞாயிற்றுச் சந்தையில் ஒரே தட்டின் மேல் நாம் இரண்டு பேரும் கை வைத்தோமே, அதற்கு அடுத்த மாதம் நீங்கள் ரயில் பாட்டின் இரண்டு அச்சுகளை அனுப்பினீர்கள். மாற்றி மாற்றி ஐந்து தடவை கேட்டேன். எனக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன. எழுத ஒன்றுமில்லை. வெட்கமாகப் போய் உங்கள் உறையைப் பிரித்தேன். இரண்டாவது வரியில் சிரிப்பை அடக்கிக்கொண்டு பாடுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். திரும்ப ஊசியை வைத்தேன். அல்லாஹ் மேல் ஆணையாக அந்தச் சிரிப்பைக் கேட்டேன். அது முன்னாடியே அங்கே இருந்திருக்கிறது, நான்தான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் உங்கள் கடிதம் முதலில், தட்டு அடுத்தது. ஆஸ்பத்திரியில் இருந்தபோது வந்ததைத் தவிர எல்லாத் தட்டையும் கேட்டேன் அம்மா. ஆனால் நீங்கள் எழுதியதைத்தான் கேட்டேன். எனக்கு அவள் குரல் பிடிக்கும், அவ்வளவுதான். நீங்கள் அவளைப் படித்தவர். உங்களைப் போல் கேட்கிற ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை. என் காது மட்டம் என்று தெரிந்தால் எனக்கு அனுப்புவதை நிறுத்திவிடுவீர்களோ என்று பயந்தேன். அந்தப் பயம்தான் இவ்வளவையும் செய்தது. என் பெயரை நோட்டில் இருந்து எடுத்துவிடுங்கள்.

உங்கள் கோயில் தட்டை நேற்று நோன்பு திறந்த பிறகு போட்டுக் கேட்டேன். அதற்குக் கடிதம் இல்லாததால் பயமாக இருந்தது. சாமிப் பாட்டு, தப்பாகச் சொன்னால் மன்னிக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் ஒரு அம்மா எல்லாருக்கும் முன்னால் ஓடுகிறார். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். கடைசிப் பாட்டில் மட்டும் எல்லாரோடும் சேர்ந்து வருகிறார். சளி பிடித்திருந்ததோ என்னவோ, அதில் அவர் குரல் கம்மியிருக்கிறது. தட்டைப் பத்திரமாகக் கட்டி இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

கமருதீன்


ஜெலாப்பாங்
25 ஏப்ரல் 2024

கமருதீன் அண்ணே,

முதலில் நெஞ்சு வலியைப் பேசிவிடுவோம். ஸ்டென்ட் வைத்ததை மறைத்துப் பெயின்ட் கதை எழுதினீர்களே, மற்ற எல்லாப் பொய்யையும்விட எனக்கு அதுதான் வலித்தது. உங்களுக்கு ஒன்று ஆகியிருந்தால் எனக்கு யார் சொல்லியிருப்பார்கள்? ஒழுங்காக மருந்து சாப்பிடுங்கள். கடையில் ரொட்டிக் கல் பக்கம் போக வேண்டாம். முஹ்ஸினாவுக்கும் தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறேன்.

சங்கத்துக்கு உண்மையை எழுதிவிட்டேன். நோட்டில் கேட்டது ஒரு ஜோடிக் காதுதான், இரண்டு அல்ல என்று சொன்னேன். நீங்கள் வேண்டுமென்றே செய்தீர்கள் என்று எழுதவில்லை, ஆனால் மறைக்கவும் இல்லை. தவறான இரத்த ரிப்போர்ட்டில் நான் ஒரு நாளும் கையெழுத்துப் போட்டதில்லை, இதிலும் போட முடியாது. மரியாதையாகத்தான் பதில் போட்டிருந்தார்கள். ஒருவர் கேட்டு எழுதிய நோட்டுகள் அவர்களிடம் போதுமான அளவு இருக்கின்றனவாம். அன்றைக்கு முழுவதும் நான் சாப்பிடவில்லை. பன்னிரண்டு வருடம் அண்ணே.

அடுத்த நாள் உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். முன்னால் ஓடுகிற அந்த அம்மா என் பெரியம்மா கெர்ட்ரூட். அவர் அவசரம் கோயில் முழுக்கப் பிரசித்தம். அவரிடம் அதைச் சொல்லப் பாடகர் குழு மாஸ்டரே முப்பது வருடம் பயந்தார். ஆனால் கடைசிப் பாட்டில் அவர் குரல் கம்மியிருப்பதை நானே கேட்டதில்லை. போட்டுக் கேட்டேன். கம்மித்தான் இருக்கிறது. அந்தப் பாட்டைப் பதிவு செய்த வாரம்தான் அவர் மூத்த மகனை அடக்கம் செய்திருந்தார்கள். சளி இல்லை அண்ணே, அழுகை. சின்னப் பிள்ளையில் இருந்து அந்தத் தட்டைக் கேட்டு வளர்ந்த எனக்கு அது காதில் விழவில்லை. யாரும் எழுதித் தராமல் உங்களுக்கு விழுந்தது.

இதற்காக உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கோபம் அப்படியேதான் இருக்கிறது.

இத்துடன் ஒரு தட்டு வருகிறது. ஐரீன் கடைசி வருடங்களில் மேடையில் பாடியது, போன வாரம்தான் எனக்கு வந்தது. நான் இன்னும் கேட்கவில்லை. உள்ளே ஒட்டிய உறை இல்லை, தேட வேண்டாம். நீங்கள் கேளுங்கள். எழுத ஏதாவது இருந்தால் எழுதி, ஒட்டி, தட்டோடு அனுப்புங்கள். எழுத ஒன்றும் இல்லையென்றால் தட்டை மட்டும் அனுப்பிவிடுங்கள். அதோடு இந்த வேலையை நிறுத்திக்கொண்டு, ராயாப் பெருநாளுக்கும் கிறிஸ்மஸுக்கும் மட்டும் வாழ்த்துச் சொல்லிக்கொள்வோம். அதிலும் ஒரு குறையும் இல்லை.

பமேலா


தெலுக் இந்தான்
14 மே 2024

அன்புத் தங்கை பமேலாவுக்கு,

பத்து நாள் கேட்டேன். முஹ்ஸினா சாட்சி.

முதல் பக்கத்தில் ஜன்னல் பாட்டு வருகிறது. மேலே போக வேண்டிய இடத்தில் ஐரீன் கீழே போகிறாள். தட்டில் கோளாறு என்று நினைத்து ஊசியைத் துடைத்துவிட்டுப் போட்டேன். திரும்பவும் கீழேதான் போனாள். நாலாவது நாள்தான் புரிந்தது, அவளால் மேலே போக முடியவில்லை. வயதாகிவிட்டது. பியானோக்காரருக்கு அது முன்னாடியே தெரிந்திருக்கிறது, அந்த இடம் வருவதற்கு முன்பே மெதுவாகிவிடுகிறார். முடியாததை மூடி மறைக்காமல் அப்படியே பாட்டாக்கிவிட்டாள் அம்மா. லண்டன் அச்சு, ஜப்பான் அச்சு எல்லாவற்றையும்விட அந்தக் கீழே போன இடம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இரண்டாவது பக்கத்தில் ரயில் பாட்டு. உங்களுக்கு அது உயிர் என்று எனக்குத் தெரியும், அதனால் எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எனக்கு அது பிடிக்கவில்லை. பாடிப் பாடி அலுத்துவிட்டாள். இரண்டாவது வரியில் அந்தச் சிரிப்பைத் தேடினேன், அது இல்லை. சிரிக்கிற மாதிரி நடிக்கிறாள், சனங்கள் கைதட்டுகிறார்கள்.

நீங்கள் கேட்கும்போது வேறு மாதிரி இருக்கலாம். என்னைவிட நூறு மடங்கு நல்ல காது உங்களுடையது. வேறு மாதிரி இருந்தால் இடப்பக்கத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். வலப்பக்கத்தை நான் மாற்றமாட்டேன்.

அன்புடன்,
அண்ணன் கமருதீன்