ஆலை எல்லாருடையது

மொராவா ஆற்றங்கரை,
1978 அக்டோபர், ஞாயிறு

அன்புள்ள ராதிஷா அண்ணாவுக்கு,

உன் தங்கை மிலுன்கா எழுதுவது. நீ அனுப்பிய காலணி எனக்குச் சரியாக இருக்கிறது. ஜெர்மனியில் இப்போதே பனி விழுகிறது என்று எழுதியிருந்தாய். கழுத்துக்கு ஏதாவது சுற்றிக்கொள்.

இங்கே குளிர்காலத்துக்கான சிவப்புக் குடைமிளகாய் சுட்டு, தோல் உரித்து, ஜாடிகளில் அடைத்தாகிவிட்டது. இந்த வருஷம் அம்மா அடுப்பின் பக்கம் வரவில்லை. வாசலிலேயே உட்கார்ந்துகொண்டு, உப்பு போதாது, எண்ணெய் போதாது என்று எனக்குக் கட்டளையிட்டுக்கொண்டிருந்தாள். புகை ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். புகை காற்றோடு தோட்டத்துப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது.

நீ அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். நீ இருந்தபோதே திங்கட்கிழமைகளில் அவளுக்கு நெஞ்சு இறுகும், ஞாபகம் இருக்கிறதா? ஞாயிறு முழுக்க நன்றாக இருந்துவிட்டு, ஆலையில் சணல் நாரைச் சிக்கெடுக்கும் கூடத்துக்குள் நுழைந்ததும் யாரோ கயிறு போட்டுக் கட்டியதுபோல இருக்கும் என்பாள். இப்போது எல்லாக் கிழமையும் திங்கட்கிழமைதான். நம் மேட்டு வழியில் இரண்டு இடத்தில் நின்றுதான் ஏறுகிறாள். நிற்கும்போது பக்கத்து வீட்டுப் பூச்செடிகளைப் பார்ப்பதுபோல் பாவனை செய்கிறாள். அங்கே இப்போது பூ ஒன்றும் இல்லை.

டாக்டர் அந்தச் சணல் தூசியை விட்டு விலகச் சொல்லிவிட்டார்.

போன மாதம் ஆலை உணவுக்கூடத்தில் எல்லாரும் கூடினோம். இந்த வருஷத்து லாபத்தில் மிச்சத்தை என்ன செய்வது என்று முடிவெடுக்க. நம் தொழிலாளர் சபைத் தலைவர் விதோயே மாமா, சிக்கெடுக்கும் கூடத்துக்குத் தூசி உறிஞ்சும் இயந்திரம் வாங்கலாம் என்றார். மற்றவர்கள் எல்லாருக்கும் பங்கு போட்டுவிடலாம், தொழிற்சங்கத்தின் மூலம் குளிர்காலத்துக்கு ஆளுக்கு அரைப் பன்றி இறைச்சியும் நிலக்கரியும் வாங்கலாம் என்றார்கள்.

விதோயே மாமா எழுந்து, "ஆலை நம்மளோடதுதானே? அதுல வேலை செய்யிற நெஞ்சும் நம்மளோடதுதான்" என்றார். உடனே நெசவுக் கூடத்திலிருந்து ஒருவர், "நம்மளோடதா? அப்ப என் பங்குக்கு அந்தக் கதவைக் கழட்டிக் குடு விதோயே. வீட்டுல கதவு இல்லாம கோழியெல்லாம் வெளிய போகுது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாகூடச் சிரித்தாள், அப்புறம் வெகுநேரம் இருமினாள்.

அம்மாவுக்குப் பக்கத்து இயந்திரத்தில் நிற்கும் யாகோதா அத்தை சொன்னதைக் கேள்: "எனக்கு இன்னும் ரெண்டே வருஷம், அப்புறம் ஓய்வு. எனக்கப்புறம் வந்து நிக்கப்போறவ நெஞ்சுக்காக நான் எதுக்குடி பன்னியை விட்டுக்குடுக்கணும்?" அவள் நெஞ்சும் அம்மாவுடையதைப் போலத்தான் சத்தம் போடுகிறது.

இயந்திரத்துக்கு யார் யார் என்று கேட்டபோது நான் கையைத் தூக்கினேன் அண்ணா. என்னைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, கடையில் மீதிச் சில்லறை கேட்கவே எனக்கு நாக்கு எழாது. ஆனாலும் தூக்கினேன். அம்மா என் முழங்கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். பங்குக்கு யார் யார் என்று கேட்டபோது அவள் கைதான் எங்கள் வரிசையில் முதலில் எழுந்தது. பங்குதான் ஜெயித்தது.

வீடு திரும்பும் வழியில் ஏன் என்று கேட்டேன். "இருமலை அடக்கிக்கலாம், குளிரை அடக்க முடியுமா? நான் வேலையை விட்டுப் போறப்ப அந்த மெஷின்ல ஒரு ஆணிக்காவது எனக்குப் பாத்தியதை உண்டா? நிலக்கரின்னா நம்ம வீட்டுக்கு வரும்" என்றாள். அந்த ஆலையின் மேற்குச் சுவரை நீ உன் கையால் கட்டினாய். நீ போனபோது உனக்கு என்ன கொடுத்தார்கள்? ஒரு கைகுலுக்கல். அம்மா அதை மறக்கவே இல்லை.

யாரிடம் போய்க் கேட்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. ஆலை இயக்குநரிடம் போனேன். மரியாதையாக நாற்காலி போட்டு உட்காரவைத்து, சபை சொல்வதைத்தான் தன்னால் செய்ய முடியும் என்றார். சபையில் கேட்டால், கூட்டம் முடிவெடுத்துவிட்டது என்கிறார்கள். கூட்டம் என்றால் அம்மாவும் யாகோதா அத்தையும் நானும்தான். விதோயே மாமா என்னிடம், "முதலாளின்னு ஒருத்தன் இருந்தா நானே போயி அவன் சட்டையைப் பிடிச்சிருப்பேன் பொண்ணே. இங்க யாரு சட்டையைப் பிடிக்கிறது? உங்கம்மா சட்டையையா?" என்றார். சொல்லிவிட்டு அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உன் தொழிற்சாலையில் முதலாளி யாரையும் கேட்காமல் ஒரே வாரத்தில் தூசியை வெளியேற்றும் காற்றுக் குழாய் போட்டான் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை அம்மாவுக்கு நான் படித்துக் காட்டவில்லை.

இனி எழுதப்போவதை நிதானமாகப் படி. அம்மாவை வேறு கூடத்துக்கு மாற்றச் சொல்லி நான் சபையிடம் விண்ணப்பித்தேன். மாற்றலாம், ஆனால் அவள் இயந்திரத்தில் நிற்க ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். ஆலை முழுக்கக் கேட்டுப் பார்த்தார்கள். யாரும் வரவில்லை. யாரையும் குறை சொல்ல மாட்டேன், எல்லாருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் இருப்பது பொட்டலம் கட்டும் அறை. அங்கே பெரிய ஜன்னல் இருக்கிறது, உட்கார நாற்காலி இருக்கிறது. அம்மாவுக்கு அது நல்ல இடம். அவள் இயந்திரத்துக்கு என் பெயரைக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை சபை கூடியது. எங்கள் ஆலையில் ஒரு கைகூட எதிராக எழாமல் ஒரு தீர்மானம் நிறைவேறியதை அன்றுதான் பார்த்தேன். விதோயே மாமா மட்டும் கையைப் பாதியில் நிறுத்தினார், பிறகு அவரும் தூக்கினார்.

அம்மா டாக்டர் சொன்னபடி ஒரு வாரமாக வீட்டில் படுத்திருக்கிறாள், அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. நாளைக் காலை தீர்மானத்தை ஆலை வாசல் பலகையில் ஒட்டுவார்கள். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அவள் உனக்கு எழுதியிருப்பாள். என்னைத் திட்டச் சொல்லியிருப்பாள், பழைய இடத்துக்கே போகச் சொல்லி எனக்கு உத்தரவு போடச் சொல்லியிருப்பாள்.

திட்டி எழுது அண்ணா, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. அவளுக்கு அதைச் சத்தமாகப் படித்துக் காட்டுகிறேன். மாறச் சொல்லி மட்டும் எழுதாதே. நீ சொன்னால் நான் கேட்டுவிடுவேன்.

கடவுள் உனக்கு நல்ல காற்றையும் நல்ல தூக்கத்தையும் கொடுக்கட்டும்.

உன் அன்புத் தங்கை,
மிலுன்கா