காலண்டரைத் தேட வேண்டாம்

செஞ்சி, 12-11-86

கோமதி நைனாவுக்கு,

சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் அடுப்படியில் மூடியிருக்கிறது. வெளியே போனால் சாவியை மெஹராஜ் பேகம் வீட்டில் கொடுங்கள்.

சுவரில் காலண்டர் இல்லையே என்று தேட வேண்டாம். பொங்கலிலிருந்து அடிவயிறு வலித்த நாளையெல்லாம் அதில் வட்டம் போட்டிருக்கிறேன். பாண்டிச்சேரியில் லேடி டாக்டரிடம் காட்ட எடுத்துப் போகிறேன்.

இங்கே காட்டியபோது டாக்டர் என்னைப் பார்த்துத்தான், “எங்கம்மா வலிக்குது?” என்று கேட்டார். நீங்கள் முந்திக்கொண்டு, “சும்மா வாயுதான் சார்” என்றீர்கள். அவரும் வாயு மாத்திரை எழுதிவிட்டார். வலி எனக்கா, உங்களுக்கா? இந்தத் தடவை நானே சொல்லிக்கொள்கிறேன்.

பி.கு: கோமதியும் என்னோடு வருகிறாள். பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிடுங்கள். கல்யாணமான புதிதில் இந்த வலியைச் சொன்னபோது, “புள்ள பொறந்தா எல்லாம் சரியாப்பூடும்” என்றார் உங்கள் அம்மா. பொறந்த புள்ளைக்கும் இப்போது மாதாமாதம் அதே வலி.