கையெழுத்து மட்டும் உங்களுடையது

மாமா,

இன்று காலை கும்மிடிப்பூண்டி தபால் ஆபீசில் முத்திரை மையின் வாசம் மூக்கில் ஏறியது. வாங்க வந்த கவரை வாங்காமலே வெளியே வந்துவிட்டேன். அந்த வாசம் எனக்கு நீங்கள்தான். நீங்கள் எம்.எல்.ஏ. ஆன புதிதில் லெட்டர் பேடும் ரப்பர் ஸ்டாம்பும் வீட்டுக் கூடத்திலேயே இருக்கும்.

மெட்ராசுக்குக் கிளம்பும்போதெல்லாம் வெற்றுத் தாள்களில் பத்துப் பதினைந்து கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுப்பீர்கள். "எளாவூர்லேர்ந்து நடந்து வர்றாங்கடா. நான் இல்லைன்னு வெறுங்கையோட அனுப்பாத. இன்னா வேணும்னு கேட்டு எழுதிக் குடு." பள்ளியில் சேர, ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்க, பழவேற்காட்டு மீனவர்களுக்கு வலைநூல் கிடைக்க என்று எத்தனையோ எழுதினேன். ஊர் உங்களைக் கும்பிட்டது. அதில் பாதி மச்சினனான எனக்கென்று நினைத்துக்கொண்டேன். திமிர்தான், வேறென்ன.

எழுபதுகளின் தொடக்கத்தில் தொழிற்சாலைக்கு இடம் தேடி ஒருவர் வந்தார். பக்கத்துக் கிராமத்து நிலமெல்லாம் தரிசு, அதை எடுத்துக்கொள்வதில் மக்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று உங்கள் கடிதம் வேண்டும் என்றார். "ஃபாக்டரி வந்தா மொத வேலை உனக்குத்தான் தம்பி." அங்கே இரண்டு போகம் நெல் விளையும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன்.

கதிர் முற்றிய வயலில் அளவுக்கல் நட்டார்கள். மறுநாள் அந்த ஊர் ஜனங்கள் கதிர்க்கட்டுகளோடு நம் வாசலுக்கு வந்தார்கள். "இது தரிசா நைனா? நீயே சொல்லு!" என்று ஒரு பெரியவர் கத்தினார். நீங்கள் ஒன்றும் புரியாமல் நின்றீர்கள். உங்கள் பின்னால் நான் நின்றேன்.

விசாரணை அதிகாரி அந்தக் கடிதத்தை உங்கள் முன் வைத்தார். என் கோணல் எழுத்து. முழுதும் படித்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. "கையெழுத்து என்னுதுதான் சார். நான் சொல்லித்தான் எழுதினான்" என்றீர்கள்.

கட்சி கைகழுவியது. அடுத்த தேர்தலில் சீட்டு இல்லை. நீங்கள் நுழைந்தால் டீக்கடையில் பேச்சு நின்றுபோகும். நிலமும் போயிற்று. அந்த ஃபாக்டரி வேலையில் நான் சேர்ந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். "படிக்காம கையெழுத்துப் போட்டவன் நானு. உன்னை மாட்டிவுட்டா நான் யோக்கியனாய்டுவனா?" என்றீர்கள். எனக்கு உங்கள் மேல்தான் கோபம் வருகிறது மாமா. கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால் ஊரறிய அழுது ஒப்புக்கொண்டிருப்பேன்.

அக்கா அன்றிலிருந்து உங்களுக்குச் சோறு போட்டாளே தவிர முகம் கொடுத்துப் பேசவில்லை. உங்கள் காரியத்தன்றும் அவள் அழவில்லை. போன வாரம் திடீரென்று கேட்டாள்: "ஏன்டா, அந்த மனுசன் நெஜமாவே ஜனங்க வயித்துல அடிச்சாரா?"

"இப்ப இன்னாத்துக்கு அதெல்லாம்?" என்றேன்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. இதை நான்தான் படித்துக் காட்ட வேண்டும். எழுதி முடித்தாயிற்று. வெளியே துணி உலர்த்திக்கொண்டிருக்கிறாள். கூப்பிட்டால் வந்துவிடுவாள். இன்னும் கூப்பிடவில்லை மாமா.