அக்கா பேருக்கு வந்த கடிதம்

நோட்டன் பிரிட்ஜ்
2024.06.05

மோட்டர் மகாராணி நிலக்ஷி அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், என்னைத் தவிர. உங்கள் விடுதியில் போனைப் பூட்டி வைப்பதால், ஹட்டன் பஸ் கண்டக்டர் நஸார் நானாவை நம் தபால்காரர் ஆக்கிவிட்டேன்.

போன மாதம் திருவிழாவுக்கு வந்தாய். எரிந்துபோன தண்ணீர் மோட்டருக்குக் கம்பி சுற்றிக் கொடுத்தாய், போய்விட்டாய். அவதிப்படுவது நான். அதே திருவிழாவில் மூன்று நாள் மைக் பிடித்துத் தொண்டை கிழிந்தவனை யாராவது கேட்டார்களா? குழாயடியில் செல்லசாமி மாமா, "நிலக்ஷி புள்ள தங்கம். நீ வாயாலயே தண்ணி எறைக்கிறியேடா" என்கிறார்.

பள்ளிக்கு வந்து பேசிய சேர், "பிடித்ததைச் செய்யுங்கள், வாழ்க்கை தானாக அமையும்" என்றார். நீ ஏ.எல். உயர்தர வகுப்பை விட்டுவிட்டு, ஹட்டனில் மோட்டருக்குக் கம்பி சுற்றும் பயிற்சிக்குப் போனாய். நான் அறிவிப்பாளர் கனவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அமைந்தது உனக்கு. என்ன நியாயம் இது?

யாரும் கவனிக்காத தம்பி,
கிஷாந்த்


ஹட்டன்
2024.06.14

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதத்தை அறையில் சத்தமாக வாசித்தேன். அறைத் தோழி ஷாமிலா சிரித்துச் சிரித்துத் தேத்தண்ணியைக் கொட்டிவிட்டாள்.

பிடித்தா வந்தேன் என்று நினைக்கிறாய்? இடம் கிடைத்தது, வந்தேன். முதல் மாதம் நான் சுற்றியதெல்லாம் புகைந்தது. போர்வைக்குள் அழுதேன். ஒருநாள் ஒரு மோட்டர் இரைச்சலில்லாமல் ஓடியது. அன்றைக்குத்தான் பிடித்தது.

ஒரு வேலை செய். கினிகத்தேனை வேர்க்ஷொப்பிலிருந்து எனக்கு நேர்முகக் கடிதம் வரும். நம் லயத்து வீடுகளுக்குத் தபால்காரர் வரமாட்டாரே. வழக்கம்போலத் தோட்ட ஆபிசில் எடுத்து அனுப்பு. இது தவறினால் கொழும்பில் துணிக்கடைக்கு அனுப்புவதாக அப்பா சொல்லிவிட்டார்.

அக்கா


நோட்டன் பிரிட்ஜ்
2024.06.25

அக்கா,

நீ கேட்ட கடிதம் இதற்குள் இருக்கிறது. நீ எழுதுவதற்கு முந்தின நாளே வந்துவிட்டது. ஆபிசில் தபால் கட்டிலிருந்து யாரும் பார்க்காமல் நானே எடுத்து வந்தேன். உறையைப் பார்த்ததும், இனி குழாயடியில் மாமா என்னென்ன சொல்வார் என்றுதான் தோன்றியது. இரண்டு நாள் தவிக்கவிடலாம் என்று அரிசிப் பெட்டிக்குப் பின்னால் வைத்தேன். இரண்டு நாள் பன்னிரண்டானது. நீ அழுததை வாசித்த பிறகும் எடுக்கவில்லை.

நேற்று காலை வேலைக்குப் பேர் பதியும் பெரட்டு முடிந்து அம்மா ஆபிசுக்குப் போய், "எம் புள்ளைக்கு கடிதாசி வந்துச்சாங்கய்யா?" என்று கேட்டிருக்கிறார். வெறுங்கையோடு வந்து, "நாளைக்கும் போய்ப் பாக்குறேன்" என்றார்.

அதற்குமேல் முடியவில்லை. உறையைப் பிரித்தேன். நேர்முகம் நாளை, 26ஆம் திகதி காலை ஒன்பதுக்கு. இன்றைக்குக் கடைசி பஸ்ஸும் போய்விட்டது, விடியற்காலை முதல் பஸ்ஸில் நஸார் நானாவிடம் கொடுக்கிறேன்.

இது விளையாட்டு இல்லை. பொறாமை.

கிஷாந்த்


கினிகத்தேனை
2024.07.08

கிஷாந்துக்கு,

போனேன். கடிதத்தில் கேட்டிருந்த கிராம சேவகர் அத்தாட்சி கையில் இல்லை, எடுத்துவர நேரமுமில்லை. ஒரு வாரம் தவணை கேட்டுக் கெஞ்சினேன். அங்கே கிடந்த எரிந்த மோட்டர் ஒன்றைக் கொடுத்து, சுற்றச் சொன்னார்கள். ஓடியது. தவணை கொடுத்தார்கள். இன்றைக்கு வேலையில் சேர்ந்துவிட்டேன்.

தபால் தாமதம் என்றுதான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே சொல்.

உனக்கு ஒரு விண்ணப்பப் படிவம் இதற்குள் வைத்திருக்கிறேன். நான் படித்த இடத்தில் மைக், ஸ்பீக்கர் திருத்தவும் சொல்லிக்கொடுக்கிறார்கள். பிடிக்குமா என்று யோசிக்காதே. செய்து பார்.

எனக்கு வரும் தபாலுக்காக இனி நீ ஆபிசுக்குப் போகவேண்டாம். விலாசத்தை மாற்றிவிட்டேன்.

நிலக்ஷி