சின்னவள் கட்டிக்கொள்ளாத ஊதா பெல்ட்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் எழுத உட்கார்ந்தேன். இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். மூன்று பேரும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை, கை வரமாட்டேன் என்கிறது.

தங்கச்சி போனை எடுக்க மாட்டேன் என்கிறாள், என் மேல் என்ன கோபம் என்று கேட்டிருந்தாய். கோபம் இல்லையடி. நீ ஊதா பெல்ட் வாங்கி, பயிற்சிப் பாயில் நின்று சிரிக்கிற போட்டோ அனுப்பினாயே, அதை முதலில் பார்த்தவள் அவள்தான். அக்கா வாங்கிட்டாம்மா என்று அடுப்படிக்கே ஓடி வந்து காட்டினாள். அப்போது அவளுக்கும் நீல பெல்ட்டில் நாலாவது கோடு, அதாவது கடைசிக் கோடு, ஒட்டியாகிவிட்டது, அடுத்து ஊதாதான். உன்னைப் பார்த்துத்தானே இந்த ஜியு-ஜிட்சு மல்யுத்தத்தில் சேர்ந்தாள். வெள்ளை பெல்ட்டில் இருந்தபோது தினமும் யாராவது அவளைக் கீழே அமுக்கி உட்கார்ந்துவிடுவார்கள், வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே அழுவாள். நீலம் வந்த பிறகுதான் நிமிர்ந்து நடந்தாள். அதற்குள் கண்ணில் ஒரு ஓரமாகத் திரை இறங்குகிற மாதிரி இருக்கிறது என்றாள். ஆபரேஷன் நடந்தது உனக்குத் தெரியும். அதற்கப்புறம் நடந்ததைத்தான் போனில் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

வலது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. இடது கண்ணிலும் விழித்திரை மெலிந்துதான் இருக்கிறதாம், லேசர் வைத்திருக்கிறார்கள். பயிற்சியால் வந்ததில்லை, இவங்க கண்ணோட அமைப்பே அப்படி என்று டாக்டரம்மா சொன்னார். ஆனால் இனிமேல் உருண்டு புரளுவது, கழுத்தை நெரிப்பது, விழுவது எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு எப்படிப் பழகலாம் என்று நீ எழுதியிருந்த யோசனையெல்லாம் இவள் அங்கேயே கேட்டுவிட்டாள். சண்டை போடாம நுணுக்கம் மட்டும் பழகலாமா, மாஸ்டர்கிட்ட தனியா வகுப்பு வெச்சுக்கலாமா, மெதுவா உருளுற ஒருத்தரோட மட்டும் பண்ணலாமா என்று மாற்றி மாற்றிக் கேட்டாள், கடைக்காரரிடம் பேரம் பேசுகிற மாதிரி. டாக்டரம்மா ஒவ்வொன்றுக்கும் கூடாது என்று தலையை ஆட்டிவிட்டு, கடைசியில் இவள் கையைப் பிடித்துக்கொண்டார். உங்கப்பா வாசலுக்குப் போய்விட்டார். வண்டி சாவியைத் தேடினேன் என்றார் பிற்பாடு, சாவி என் கையில் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். பையிலிருந்து ஊதா பெல்ட்டை எடுத்து இவள் மடியில் வைத்தார். இவள் தொடவே இல்லை. பாவம் பார்த்துக் குடுக்கறத நான் எங்க கட்டிக்கறது மாஸ்டர் என்றாள். பாவம் இல்லம்மா, உனக்கு இது எப்பவோ முடிவு பண்ணது, ஆபரேஷனுக்கு முன்னாடியே என்றார் அவர். அப்ப அன்னிக்கே கட்டி விட்டிருக்கலாமே மாஸ்டர், ஒரே ஒரு நாள் அதைக் கட்டிட்டு உருண்டிருப்பேனே என்றாள். எத்தனை பேரைப் புரட்டிப் போட்டவர், காபியை அப்படியே வைத்துவிட்டு, பெல்ட்டைச் சுருட்டிக்கொண்டு தலைகுனிந்து போனார். குழந்தைகள் வகுப்பை நீ எடும்மா என்று படியில் நின்று சொன்னார். பார்க்கலாம் என்றாள் இவள். வரமாட்டேன் என்பதற்கு இவள் சொல்லும் வார்த்தை அதுதான் என்று உனக்குத் தெரியும்.

நேற்று நான் ஆஸ்பத்திரி லாண்டரி வேலை முடிந்து வந்தபோது அவள் கூடத்துத் தரையில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அம்மா, இங்க வந்து உட்காரு, ஒரு பிடி சொல்லித் தரேன் என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது, உன் கண்ணுக்கு ஏதாவது ஆயிடும்டி என்றேன். நான் அசையவே மாட்டேன், நீதான் அசையணும் என்றாள். எனக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒரு கை தோளுக்கு மேலே, ஒரு கை கக்கத்துக்குக் கீழே கொண்டுவந்து என் மார்பில் பூட்டிக்கொண்டாள். இப்ப வெளிய வா பார்க்கலாம் என்றாள். நாளெல்லாம் ஈரப் போர்வை தூக்குகிற உடம்பு என்னுடையது, நான் நெளிந்த நெளிப்பில் அவள் கலகலவென்று சிரித்தாள். எத்தனை நாளைக்கு அப்புறம் கேட்ட சிரிப்பு தெரியுமா! முடியலைன்னா கையால தட்டும்மா, தட்டிட்டா யாரா இருந்தாலும் விட்டுடணும், அதான் எங்க முதல் பாடம் என்றாள். தட்டினேன். அவள் விடவில்லை. என் ரவிக்கை முதுகில் ஈரம் பட்டது. மறுபடி நான் தட்டவில்லை. அப்பா வந்து கூடத்து விளக்கைப் போடாமலே உள்ளே போனார்.

அதனால் கோபத்தில் போன் எடுக்கவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே. யோசனை மட்டும் எழுதாதே, அவளிடம் எல்லா யோசனையும் தீர்ந்துவிட்டது. உன் பயிற்சியை அவளுக்காக விடவும் விடாதே, அது தெரிந்தால் அவளால் தாங்க முடியாது. முடிந்தால் ஒருமுறை வந்துவிட்டுப் போ, வந்து அவள் பக்கத்தில் படு, போதும்.

முக்கியமான விஷயம், கூடப் பிறந்தவங்களுக்கும் இது இருக்கலாம், சொட்டு மருந்து விட்டுக் கண்ணை விரித்துப் பார்க்கணும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார். இந்த வாரமே போய்க் காட்டு. அங்கே என்ன சொன்னாலும் என்னிடம் மறைக்காதே. நல்லதாகச் சொன்னால் அதைத் தங்கச்சியிடம் நீயே சொல், அந்தப் போனை அவள் கட்டாயம் எடுப்பாள்.

நீ நூறு வயது கண்ணும் காலும் நன்றாக இருந்து வாழணும்.

உன் அம்மா